கீச் வரவேண்டிய இடம்

அவள் செய்யும் பிரியாணியில் புதினா இருக்காது. ஆம்பூரில் இப்படி ஒருத்தி இருந்தாள் என்று சொன்னால் ஆம்பூர்க்காரர்களே நம்ப மாட்டார்கள். அவளுக்குப் பிரியாணி கற்றுக்கொடுத்தவர் எங்கள் காம்பவுண்டில் இருந்த பாபி; உருதுவில் அண்ணி என்று பொருள், எங்கள் எல்லாருக்கும் அவர் பாபிதான். கற்றுக்கொடுத்த அன்று நல்ல மழை. கடைக்குப் போக ஆளில்லை, வீட்டில் புதினாவும் இல்லை. “நீ செய்றப்போ ரெண்டு கை புதினா போட்டுக்க” என்று சொல்லிக்கொண்டேதான் பாபி தாளித்தார். அவளும் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் பலமுறை பிரியாணி செய்தாள். எங்கள் எல்லாருக்கும் கிண்ணத்தில் வரும். புதினா மட்டும் வராது.

“புதினா போடச் சொன்னேன்ல?” என்று பாபி ஒருநாள் கேட்டேவிட்டார்.

“சொன்னீங்க பாபி. ஆனா அன்னிக்கு நாம சாப்ட்டதுல இல்லியே.”

“அன்னிக்கு வீட்லயே இல்லடீ!”

“ஆமா பாபி. இல்லாமதான செஞ்சீங்க. அதுதான நல்லாருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க.”

பாபி என் பக்கம் திரும்பினார். “நீங்க பேப்பர்ல எழுதுற ஆளு. இதுக்கு இன்னா சொல்றதுன்னு நீங்களே சொல்லுங்க. பேஜாராப் போச்சு எனக்கு.” அவளோடு பேசி முடிக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அவள் சொன்னதில் தவறு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் எங்கோ ஒரு தவறு இருந்தே தீரும் என்றும் தோன்றும்.

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். காம்பவுண்டின் முன்புறம் ஹவுஸ் ஓனர். அடுத்து பாபி, அதற்கடுத்து நான். கடைசியில் இருந்த ஒற்றை அறையில் அவள். சொந்த ஊர் குடியாத்தம். அப்பா விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை, நெற்றியில் குங்குமம், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. வேலை முடிந்து வந்து வெகுநேரம் ஆன பிறகும் அட்டையைக் கழற்ற மாட்டாள். வலது கட்டைவிரல் நகத்தடியில் தோல் ஒட்டும் சொல்யூஷனின் மஞ்சள் எப்போதும் இருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் அவளுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் கேட்கும் மாடலை அங்கே முதலில் ஒரே ஒரு ஜோடி செய்து அனுப்புவார்கள். அவர் திருத்தம் சொல்வார், இவர்கள் மறுபடி செய்வார்கள். கடைசியில் அவர் சரியென்றதும் அந்த ஜோடியில் ஓர் அட்டையைக் கட்டிக் கையெழுத்துப் போட்டு சீல் வைத்துவிடுவார். அதற்குப் பிறகு லைனில் ஓடும் ஒவ்வொரு ஜோடியும் அந்த ஒரு ஜோடியைப் போல இருக்க வேண்டும்.

ஒருமுறை சீல் வைத்து வந்த ஜோடியில் இடது ஷூவின் தையல் ஓரிடத்தில் லேசாகக் கோணியிருந்தது. லைன் சூப்பர்வைசர் அதைக் கவனிக்காமல் நேராகத் தைக்கச் சொல்லிவிட்டார். இவள் சீல் வைத்த ஜோடியை எடுத்துப் போய் அவர் மேசையில் வைத்தாள். “கோணல்ம்மா அது, கண்ணு தெரியலியா?” என்று அவர் கத்தினார். “தெரியுது சார். அதான் காட்றேன்” என்றாள் இவள். விஷயம் மேலே போய், பையருக்கே மெயில் போட்டுக் கேட்டார்கள். சாம்பிளைப் பின்பற்றவும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த மாடல் முழுக்க இடது கால் கோணலாகவே கப்பலேறியது.

இதை அவள் என்னிடம் சொன்னபோது அவள் குரலில் பெருமை எதுவும் இல்லை. நான் கேட்டேன்: “அப்போ கோணல்தான் சரியா?”

“கோணல் கோணல்தான்கா. சாம்பிள்தான் சரி.”

அவளிடம் சேதி சொல்லி அனுப்புவது இன்னொரு அனுபவம். சொன்னவர் இருமியிருந்தால் இவளும் அந்த இடத்தில் இருமுவாள். அவர் தயங்கியிருந்தால் அதே அளவுக்குத் தயங்குவாள். எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டியபோது, நான் எழுதி வைத்திருந்த செய்தியைப் படித்துக் காட்டினேன். அவள் அதைக் கேட்டு என் அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னாள். நான் மூச்சு வாங்கிய இடங்களில் எல்லாம் அவளும் வாங்கினாள். “யாரும்மா நீ, அவங்களக் கிண்டல் பண்றியா?” என்று எதிர்முனையில் சப் எடிட்டர் கேட்டது எனக்கே கேட்டது. “இல்ல சார், அவங்க அப்டித்தான் சொன்னாங்க” என்றாள். பிறகு அவர் கேட்டதையும் அவர் குரலிலேயே என்னிடம் திருப்பிச் சொன்னாள்.

ஒரு துக்கச் சேதி வரும்வரை நாங்கள் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஹவுஸ் ஓனரின் தங்கை சோளிங்கரில் இருந்தார். ஒருநாள் அண்ணனின் போன் கிடைக்காமல் இவள் எண்ணுக்கு அழைத்தார். இவள் ஓனர் வீட்டு வாசலில் போய் நின்று, “அண்ணே” என்றாள். ஒரு விம்மல். “அவரு போய்ட்டாருண்ணே.” இன்னொரு விம்மல், உள்ளே இழுத்து அடக்கியது. “சீக்கிரம் வாண்ணே.” அவள் கண்ணில் துளி ஈரம் இல்லை. கைகள் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஓனர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தங்கை கணவரின் காரியமெல்லாம் முடிந்து வந்தபின் என்னிடம் சொன்னார்: “அந்தப் பொண்ணு ஒரு மாதிரிம்மா. எனக்குப் பயமாப் போச்சு.” பிறகு அவரே, “ஆனா என் தங்கச்சியே வாசல்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு” என்றார். திட்டுகிறாரா, நன்றி சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் பிடிபட்டிருக்காது.

அவளிடம் ஒரு கிளாரினெட் இருந்தது. வேலூரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தபோது பள்ளி பேண்டில் சேர்த்திருக்கிறார்கள். படிப்பு முடிந்து கிளம்பும்போது, ஓட்டைகளை மூடும் மெத்தைகள் பிய்ந்து, யாரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய கிளாரினெட்டைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஷூவுக்குள் ஒட்டும் மெல்லிய ஆட்டுத் தோலின் வெட்டுத் துண்டுகளில் புது மெத்தைகள் செய்து அவளே ஒட்டியிருந்தாள். நன்றாகத்தான் பாடியது. ஆனால் அதிகம் வாசிக்க மாட்டாள். சில நாள் மாலையில் எடுப்பாள், நாலு வரி வாசிப்பாள், நிறுத்திவிடுவாள்.

“ஏன் நிறுத்திட்ட?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஸ்கூல்ல எனக்கு இந்தப் பக்கம் ஒரு அக்கா நிப்பாங்க. அவங்க வாசிக்கிறத வாசிப்பேன். தனியா வாசிச்சா எது சரின்னே தெரில.” வெறும் காற்றைக் கையால் காட்டி, “இந்தப் பக்கம் யாராச்சும் வேணும்கா” என்றாள்.

அதனால்தான் ஓர் இசைக் குழுவின் பத்திரிகைக் குறிப்பு என் மெயிலுக்கு வந்தபோது அவளிடம் காட்டினேன். சென்னையில் இளைஞர்களுக்கான ஒரு மேற்கத்திய இசைக் குழு. புதிதாக ஆள் சேர்க்கிறார்கள். ஞாயிறுதோறும் ஒத்திகை. வயது வரம்பு இருபத்தைந்து. அவளுக்கு அந்த வருடம் இருபத்தைந்து. கிளாரினெட்டுக்கு ஓர் இடம்தான் காலி, அதுவும் இரண்டாம் நாற்காலி. அவள் போனை என் கையிலிருந்து வாங்கி அதை மறுபடி படித்தாள். “ரெண்டாவதுன்னா, பக்கத்துல மொதலாவது ஆளு இருப்பாங்கல்ல?” என்றாள். அன்றைக்கே விண்ணப்பித்தாள்.

காம்பவுண்டில் இதை விளக்குவது சிரமமாக இருந்தது. “ஆர்கெஸ்ட்ராவா? தெரு திருவிழாவுல ஸ்டேஜ் போட்டு சினிமாப் பாட்டு பாடுவாங்களே, அதுவா?” என்றார் ஓனர். இல்லை, இது பாட்டில்லாமல் வயலின், செல்லோ, குழல் எல்லாம் சேர்ந்து வாசிப்பது என்றேன். “பாட்டே கெடையாதா? அப்போ ஜனங்க எதுக்கு வர்றாங்க?”

தேர்வுக்கு வாசிக்க வேண்டிய பகுதியின் தாளும் ஓர் ஒலிப்பதிவும் மெயிலில் வந்தன. முன்மாதிரிக்காக இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது என்று எழுதி, கீழே அந்தக் குழுவை நடத்தும் அம்மாளின் கையெழுத்து ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. அவள் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இவங்கதான் பெரியவங்களா?”

“ஆமா.”

“அப்ப சீல் பண்ணதுதான்.”

அன்றிலிருந்து தினமும் மாலை வெயில் இறங்கியதும் பயிற்சி. ஒரே பகுதி, திரும்பத் திரும்ப. எனக்கு இசை தெரியாது என்றாலும் கேட்கக் கேட்க அழகாகத்தான் இருந்தது. மெதுவாக ஆரம்பித்து, படியேறுவது போல மேலே போய், உச்சியில் ஒரு சுரம் நீளும். அது நீள்வதற்குச் சற்று முன்னால் ஒரு கீச். கதவு மூட்டில் எண்ணெய் இல்லாதபோது வருமே, அந்த மாதிரி. முதல் வாரம் அவளுக்காகப் பரிதாபப்பட்டேன். மற்றதெல்லாம் நாளுக்கு நாள் மெருகேறுகிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் தினமும் சறுக்குகிறாளே என்று. பிறகு ஒரு நாள் கீச் வரவில்லை. அப்பாடா என்று நினைத்தேன். அவள் நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கீச் வந்தது. மேலே வாசித்தாள்.

நான் எழுந்து அவள் அறைக்குப் போனேன்.

“அந்த இடத்துல சத்தம் வருதே, அது...”

“வரவேண்டிய எடம்தான்கா. ஆனா சரியா வர மாட்டேங்குது.” போனை எடுத்து ஒலிப்பதிவை ஓடவிட்டாள். அந்த இடம் வந்தது. பதிவிலும் கீச். “இது வெரல் தெரியாம பக்கத்து பட்டன்ல பட்டா வர்றது. எனக்கு மொதல்ல உதட்டுலதான் வந்துச்சு, அது வேற சத்தம். இப்போ வெரல்லயே வருது. ஆனா நீளம் பத்தல.”

“அது வாசிச்சவரோட தப்பும்மா. அவருக்குத் தெரியாம வந்துருக்கு.”

“தப்புன்னா எப்டிக்கா கையெழுத்துப் போட்டு அனுப்புவாங்க?”

நான் சொன்னேன், அவள் அதையே கேட்டாள். மறுபடி சொன்னேன், மறுபடி கேட்டாள். கடைசியில் அந்த அமைப்புக்கே எழுதிக் கேட்டுவிடலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். ஒலிப்பதிவில் இன்ன இடத்தில் வரும் ஒலி வாசிப்பின் பகுதியா என்று, எனக்குப் பழக்கமான மொழியில், சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து யாரோ பதில் போட்டிருந்தார்கள். ஒலிப்பதிவைப் பின்பற்றவும்.

“பாத்தியாக்கா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு காம்பவுண்டே கீச்சுக்குப் பழகிவிட்டது. பாபி வெங்காயம் நறுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். “இன்னிக்கு கொஞ்சம் ஜாஸ்தி.” “நேத்து கம்மி, இன்னிக்குதான் கரெக்ட்டு.” ஓனர் ஒருநாள், “அந்தச் சத்தம்தாம்மா நல்லாருக்கு, மத்ததெல்லாம் தூக்கம் வருது” என்றார். நான் மட்டும்தான் அந்த இடம் நெருங்க நெருங்கப் பல்லைக் கடித்தேன். இவ்வளவு ஆசைப்படுகிறவள் ஒரு கீச்சால் தோற்றுப் போகப் போகிறாள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைத் தடுக்க என் கையில் ஒன்றுமில்லை என்பதும்.

தேர்வு சென்னையில் ஒரு பள்ளி அரங்கத்தில். நான் கூடப் போனேன். கூட வந்தவர்கள் பின் வரிசையில் உட்காரலாம் என்றார்கள். முன்னால் ஒரு மேசை. நடுவில் மெயிலில் கையெழுத்துப் போட்ட அம்மாள், வெள்ளை முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு பக்கம் குறிப்பெடுக்கும் ஒருவர். இன்னொரு பக்கம் குழுவின் முதல் கிளாரினெட் வாசிக்கும் இளைஞர், மடியில் தன் வாத்தியத்தோடு.

அவளுக்கு முன்னால் வாசித்தவர்கள் நல்ல பள்ளிகளின் பிள்ளைகள். யாருக்கும் அந்த இடத்தில் கீச் வரவில்லை. அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். என் காதருகே குனிந்து, “எல்லாரும் அந்த எடத்த விட்டுர்றாங்கக்கா” என்றாள். அவர்களுக்காக வருந்துவது போலிருந்தது.

அவள் முறை வந்தது. படியேறியது. கீச். உச்சியில் சுரம் நீண்டு, இறங்கி, முடிந்தது.

“ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார் அம்மாள். “அந்த ஒரு இடம் ஸ்லிப் ஆயிடுச்சு. டென்ஷன். பரவால்ல.”

“இல்ல மேடம். கரெக்டாதான் வந்துச்சு.”

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்திலிருந்த இளைஞரின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அவர் அம்மாளின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். அம்மாளுக்குக் கேட்கவில்லை. “என்னப்பா?” என்றார். அவர் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

“அது நான்தான் மேடம். ரெக்கார்டிங்ல. அன்னிக்கு விரல் பட்டுடுச்சு. யாரும் கவனிக்கலன்னு நெனச்சேன்.” பிறகு அவளைப் பார்த்து, “என்னைக் கிண்டல் பண்றீங்களா?” என்றார்.

“இல்ல சார்” என்றாள் அவள், நிஜமாகவே திகைத்து. “உங்களுது மாதிரியே வரணும்னுதான். வேற மாதிரி வேணும்னா வாசிச்சுக் காட்டுங்க சார், அத வாசிக்கிறேன்.”

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. இளைஞரிடம், “வாசி” என்றார். அவர் எழுந்து வாசித்தார். சுத்தமாக, கீச் இல்லாமல். ஆனால் கோபத்தில் ஏறுமிடத்தில் அவசரப்பட்டார், ஓரிடத்தில் மூச்சு பற்றாமல் இரண்டு முறை எடுத்தார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு வாசித்தாள். கீச் இல்லை. அவசரம் இருந்தது. மூச்சு இரண்டு முறை. அவர் கோபம்கூட இருந்தது என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதை என்னால் செய்தியாக எழுத முடியாது.

குறிப்பெடுத்தவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். அம்மாள் ஒரு புதுத் தாளை நீட்டினார். முன்பின் பார்க்காததைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது தேர்வின் கடைசிப் பகுதி.

அவள் தாளைப் பார்த்தாள். “யாராச்சும் ஒரு தபா வாசிப்பாங்களா மேடம்?”

“இதுக்கு யாரும் வாசிச்சுக் காட்ட மாட்டாங்கம்மா. நீங்களே வாசிக்கணும்.”

அவள் நின்றுகொண்டேயிருந்தாள். அதுவரை அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. அவ்வளவுதான், வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

வாசிப்பு மெதுவாக வந்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றது. மறுபடி தொடங்கியது. இன்னோரிடத்தில் அதைவிட நீளமாக நின்றது. பிறகு முடிந்தது. அது நன்றாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை நாள் பக்கத்து அறையில் கேட்டுப் பழகிய யாருடைய வாசிப்பைப் போலவும் அது இல்லை.

“இன்னொரு முறை” என்றார் அம்மாள்.

அவள் மறுபடி வாசித்தாள். முதலில் நின்ற இடத்தில் நின்றாள், அதே அளவுக்கு. இரண்டாவது இடத்திலும் நின்றாள், அதே நீளத்துக்கு. மேசையில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அங்க ஏன் நின்னீங்க? நோட்ல நிறுத்தம் இல்லியே” என்றார் அம்மாள்.

“மொதல்ல தெரியாமதான் மேடம் நின்னேன்.”

“ரெண்டாவது முறை?”

“ரெண்டாவது தபா அங்கதான் மேடம் நிக்கணும்.”

அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு இளைஞரிடம் திரும்பி, “இவங்க உன் பக்கத்துல உக்காரட்டும். ஆனா ஒண்ணு, இனிமே நீ ஒழுங்கா வாசிக்கணும்” என்றார். அவர் சொன்னது வேடிக்கையா, எச்சரிக்கையா என்று அந்த இளைஞருக்கும் விளங்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தேர்வானது தான்தான் என்பது அவளுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்த சில மாதங்களில் இருந்த அளவுக்கு அவள் நன்றாக இருந்து நான் பார்த்ததில்லை. ஞாயிறு விடியும்போதே ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். மாலை திரும்பியதும் எங்கள் வாசலில் நின்று, அன்று அந்த இளைஞர் எப்படி வாசித்தார் என்று வாசித்தே காட்டுவாள். அவருக்குச் சளி என்றால் எங்களுக்குத் தெரியும். அவர் வீட்டில் ஏதோ சண்டை என்று பாபி ஒருநாள் கேட்டவுடனே சொன்னார். அந்த இளைஞர் பாவம். தன் ஒவ்வொரு பிசகும் பக்கத்து நாற்காலியிலிருந்து அதே நொடியில் திரும்பி வருவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன். ஆனால் அவர் முன்பைவிட நன்றாக வாசிக்கிறார் என்று அம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னதாக அவளே சொன்னாள், அம்மாளின் குரலில்.

பிறகு அவருக்கு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துப் போய்விட்டார். புதிதாக இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கும்வரை அவளை முதல் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு அவள் திரும்பியபோது நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தன் அறைக்குப் போகாமல் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இன்னாம்மா, மொதல் சீட்டு எப்டி?”

“பக்கத்துல யாருமே இல்லக்கா.” பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே சுருதியில சேரணும்ல? அதுக்கு ஒருத்தரு ஒரே ஒரு சத்தத்த நீட்டிப் புடிக்கணும். எங்க குழுவுல அது மொதல் கிளாரினெட்டு வேல. இத்தன நாளு அவரு புடிப்பாரு. இன்னிக்கு மேடம் என்னப் பாத்துக் கைய காட்டிட்டாங்க.”

“நீ இன்னா பண்ண?”

“ஊதுனேன். ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க. வயலின்காரங்க அத்தன பேரும் காத இந்தப் பக்கம் வெச்சிக்கினு முறுக்குறாங்க. பெரிய பெரிய எடத்துல கத்துக்கினவங்க. எல்லாம் என்னையே பாக்குது. எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. பாதியில வுட்டா அவங்க எங்க போவாங்கன்னு புடிச்சிக்கினே இருந்தேன்.”

“சரியா இருந்துச்சா?”

“எனக்கு எப்டிக்கா தெரியும்?”

நான் துணிகளை மடிப்பதை நிறுத்தினேன். வரும் வாரம் போவாளா என்று கேட்டேன்.

“போவணும்ல? நான் போவலன்னா அவங்க எதப் பாத்துக்கா சேத்துக்குவாங்க?”

அதை அவள் பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கேள்வியாகத்தான் கேட்டிருந்தாள். பெட்டியைத் தரையில் வைக்காமல், நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.